கண்டவர்கள் பலர், கண்டுகொண்டவர் ஒருவர்

அறுபதைத் தாண்டிய நம்மில் பலர் சாப்பாட்டுக்குப் பின் தினமும் ஒரு சின்ன மாத்திரை போட்டுக்கொள்கிறோம். 'இரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறார்கள். உண்மையில் அந்த மாத்திரை இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. இரத்தத்தில் ஓடும் மிகச் சிறிய ஒரு பொருளின் ஒட்டும் குணத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொருளுக்குத் தமிழில் தட்டணு என்று பெயர். டெங்கு காய்ச்சல் வந்த பிறகு 'பிளேட்லெட்' என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் "இன்றைக்கு எத்தனை ஆயிரம்?" என்று கேட்டால், அது பணக் கணக்கு அல்ல, பிளேட்லெட் கணக்கு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். கோப்புகளோடு காலம் கழித்தவன். ஆனால் பிரெஞ்சு வழியில் படித்ததால், பிரெஞ்சு மருத்துவர்கள் சம்பந்தப்பட்ட பழைய கதைகள் கண்ணில் பட்டால் விடாமல் படிப்பேன். அப்படிப் படித்தவற்றில் இந்தத் தட்டணுவின் கதை மிகவும் விசித்திரமானது. 1842 முதல் 1882 வரை நாற்பது ஆண்டுகள், ஐரோப்பாவின் பெரிய பெரிய நிபுணர்கள் பலர் அதைக் கண்ணால் கண்டார்கள். படம் வரைந்தார்கள், பெயர் வைத்தார்கள், எண்ணியும் பார்த்தார்கள். அது இரத்தத்தில் என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஏன் பிடிபடவில்லை, பிறகு எப்படிப் பிடிபட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்ரான். தட்டணு வெறும் 2 முதல் 3 மைக்ரான். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் 50 லட்சம் இருந்தால், தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. உடம்பை விட்டு வெளியே வந்த சில நொடிகளிலேயே தட்டணு தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும், அக்கம்பக்கத்தில் உள்ளவற்றோடு ஒட்டிக் கட்டியாகிவிடும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து, குவியத்தைச் சரிசெய்து பார்ப்பதற்குள் அது அதுவாக இருக்காது.

இரத்தம் ஏன் உறைகிறது என்ற கேள்வி மிகப் பழையது. 1666இல் இத்தாலியரான மல்பீகி, உறைந்த இரத்தக் கட்டியைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார். சிவப்பு கரைந்து போன பிறகு வெள்ளை நார்கள் வலைபோல் மிஞ்சின. அதைத்தான் இன்று ஃபைப்ரின் என்கிறோம். 1674இல் ஹாலந்து நாட்டு ஜவுளி வியாபாரி லேவன்ஹுக், தாமே தேய்த்துச் செய்த வில்லையைக் கொண்டு சிவப்பணுக்களைப் பார்த்து எழுதினார். அடுத்த நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹ்யூசன், உறைவது சிவப்பணு அல்ல, அது மிதக்கும் திரவத்தில் உள்ள ஒரு பொருளே என்று காட்டினார். ஆகவே இரத்தம் உறைவது திரவத்தின் வேலை என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கக்கூடும் என்று யாரும் தேடவில்லை.

அக்கால நுண்ணோக்கிகளும் அதற்கு இடம் தரவில்லை. வில்லையின் ஓரங்களில் வானவில் போல நிறம் படரும், சிறிய பொருள்கள் கலங்கித் தெரியும். 1830இல் லண்டனில் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற ஒயின் வியாபாரி, வில்லைகளைச் சரியான இடைவெளியில் சேர்த்து அமைத்து இந்தக் குறையை வெகுவாகக் குறைத்தார். அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய புகழ்பெற்ற லிஸ்டருக்கு இவர்தான் தகப்பனார். இதற்குப் பிறகுதான் 2 மைக்ரான் பொருளை நம்பிக்கையோடு பார்க்க முடிந்தது.

பாரிஸில் அல்ஃப்ரெட் தொன்னே என்ற மருத்துவர் அப்போது நுண்ணோக்கி வகுப்பு நடத்திவந்தார். நுண்ணோக்கியை நம்பாத மருத்துவர்கள் நிறைந்த காலம் அது. 1842இல் அவர் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு இவை இரண்டைத் தவிர மூன்றாவதாகச் சிறு மணிகள் இருப்பதாக அறிவித்தார். 'குளோபுலேன்' என்று பெயர் வைத்தார், குட்டி உருண்டை என்று பொருள். அவருடைய கருத்துப்படி இவை நாம் சாப்பிட்ட உணவின் கொழுப்புச் சத்திலிருந்து இரத்தத்துக்கு வந்து சேரும் துளிகள். மூன்று நான்கு சேர்ந்து ஒரு வெள்ளையணுவாகும், வெள்ளையணு பிறகு சிவப்பணுவாகும் என்று ஒரு வரிசையும் சொன்னார். கண் சரியாகத்தான் கண்டது, விளக்கம்தான் தப்பாகப் போயிற்று.

தொன்னேயிடம் உதவியாளராக இருந்தவர் லெயோன் ஃபூக்கோ. பிற்பாடு 1851இல் பாரிஸ் பான்தெயோனில் நீண்ட ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் காட்டினாரே, அவரேதான். ஃபூக்கோ மருத்துவம் படிக்கப் போனவர், இரத்தத்தைப் பார்த்தால் ஆகாது என்பதால் படிப்பை விட்டவர். ஆனால் தொன்னேவோடு சேர்ந்து, அப்போது புதிதாக வந்திருந்த தாகெரின் புகைப்பட முறையில் நுண்ணோக்கிக் காட்சிகளைப் படம் பிடித்தார். 1845இல் அவை அச்சுப் படங்களாக்கப்பட்டு ஒரு தொகுதியாக வந்தன. இரத்தத்தைக் காணச் சகிக்காதவரே இரத்த அணுக்களைப் படம் பிடித்த முன்னோடிகளில் ஒருவரானார்.

அடுத்தவர் ஜெர்மனியில் பான் நகரத்துப் பேராசிரியர் மாக்ஸ் ஷுல்ட்ஸே. உடம்பை விட்டு வந்த இரத்தம் குளிர்ந்துவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைத்து, நுண்ணோக்கியின் மேடையையே உடல் சூட்டுக்குச் சூடாக்கும் ஏற்பாடு செய்தார். 1865இல் எழுதிய கட்டுரையில், நிறமற்ற சிறு உருண்டைகள் ஆரோக்கியமானவர் இரத்தத்திலும் குவியல் குவியலாக இருக்கின்றன, ஆராய விரும்புகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிட்டார். ஷுல்ட்ஸே பார்த்தது வெளியே எடுத்த இரத்தத்தில், ஏற்கனவே ஒட்டிக் கட்டியான தட்டணுக்களை.

1873இல் லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கனடா நாட்டு இளைஞர் வில்லியம் ஆஸ்லருக்கு அப்போது வயது 24தான். அவரும் இந்தக் குவியல்களைக் கண்டார். கிருமிகள் பற்றிய பேச்சு எங்கும் சூடுபிடித்திருந்த காலம். ஆகவே 1874இல் ராயல் சொசைட்டிக்குப் போன அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே இரத்தத்தில் காணப்படும் 'உயிரிகள்' என்று இருந்தது. ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஓர் எலிக்குட்டியின் தோலடித் திசுவை எடுத்து, அதிலிருந்த நுண்ணிய இரத்தக் குழாயின் உள்ளே பார்த்தார். அங்கே அவை குவியலாக இல்லை, தனித்தனியாகவே இருந்தன. குழாயை விட்டு வெளியே வந்தால்தான் ஒன்றுகூடுகின்றன என்று எழுதிவைத்தார். இந்தக் குறிப்பு பிற்பாடு வந்ததற்கெல்லாம் ஒரு கட்டியம் என்று சொல்லலாம்.

மறுபடியும் பாரிஸுக்கு வருவோம். ஜோர்ஜ் அயெம் என்ற மருத்துவர் இரத்தத்தையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். நம் ஊர்ப் பரிசோதனைக்கூடங்களில் சிவப்பணுக்களை எண்ண 'ஹேயம்ஸ் ஃப்ளூயிட்' என்று ஒரு திரவம் நெடுங்காலம் இருந்ததே, அது இவர் பெயரில் வந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் முதலெழுத்து ஹகரத்தை உச்சரிப்பதில்லை, ஆகவே அங்கே அயெம். இவர் 1878 வாக்கில் தட்டணுக்களை முறையாக எண்ணிக் கணக்குச் சொன்னார். ஆனால் பெயர் வைக்கும்போது 'எமத்தோபிளாஸ்த்' என்று வைத்தார். இரத்தத்தின் முளை என்று அர்த்தம். இவை வளர்ந்து சிவப்பணுக்களாகின்றன என்பது அவர் நம்பிக்கை. இரத்தப் போக்கு நிற்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பதையும் பிற்பாடு அவர் சொன்னார். ஆனாலும் முளை என்ற கருத்தை விடவில்லை. பெயரை ஒரு முறை வைத்துவிட்டால் அப்புறம் பெயர்தான் கண்ணுக்குத் தெரியும், பொருள் தெரியாது.

இனி இத்தாலிக்குப் போவோம். ஜூலியோ பிட்ஸொட்ஸெரோ தம் 27ஆவது வயதிலேயே தூரின் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். நரம்பணுக்களுக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற கோல்ஜிக்கு வழிகாட்டியாக இருந்தவர். சிவப்பணுக்கள் எலும்பு மச்சையில் உற்பத்தியாகின்றன என்பதை 1868இலேயே கண்டு சொன்னவர்களில் ஒருவர். ஆகவே சிவப்பணு எங்கிருந்து வருகிறது என்பதற்காக இந்தச் சிறு தட்டுகளை அவர் நாட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வி அவர் மனத்தில் ஏற்கனவே தீர்ந்திருந்தது.

அவர் செய்தது இதுதான். கினிப்பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்து, அதன் குடல்களைத் தாங்கி நிற்கும் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழே விரித்தார். அந்தச் சவ்வுக்குள் ஓடும் நுண் குழாய்களில் இரத்தம் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பணு, வெள்ளையணு இவற்றுக்கு நடுவே நிறமற்ற, மெல்லிய, வட்டமான தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்க்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். பிறகு அந்தக் குழாயின் சுவரை ஓர் இடத்தில் காயப்படுத்தினார். ஓடிக்கொண்டிருந்த தட்டுகள் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றன. சுவரில் ஒட்டின. பின்னால் வந்தவை முன்னே ஒட்டியவற்றின்மேல் ஒட்டின. வெள்ளையணுக்கள் பிறகுதான் வந்து சேர்ந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெண்மையான அடைப்பு எழுந்து காயத்தை மூடியது. இரத்தத்தில் நூலைத் துழாவி எடுத்துப் பார்த்தபோது, தட்டுகள் சேர்ந்த இடத்திலேயே ஃபைப்ரின் நாரும் படிவதைக் கண்டார்.

1882இல் விர்ச்சோவின் புகழ்பெற்ற ஜெர்மன் இதழில் இது விரிவாக வெளிவந்தது. அவருக்கு வயது 36. இத்தாலிய மொழியில் 'பியஸ்த்ரினே', அதாவது சிறு தட்டுகள், என்று பெயர் வைத்தார். எதிலிருந்து வந்தது, எதுவாக மாறும் என்று எதுவும் சொல்லாமல், கண்ட உருவத்தை மட்டும் சொல்லும் பெயர். பிரெஞ்சில் இன்று 'பிளாக்கெத்', ஆங்கிலத்தில் பிளேட்லெட், தமிழில் தட்டணு, எல்லாம் அதே பொருள்தான். பிரெஞ்சில் மெல்லிய சிறு நூலுக்கும் 'பிளாக்கெத்' என்றே பெயர். ஓர் ஏட்டளவு கனம் என்ற பொருத்தத்தை நினைத்து நான் ரசித்ததுண்டு.

பாரிஸில் அயெம் சும்மா இருக்கவில்லை. நான்தான் முதலில் என்றார். தூரினிலிருந்து பதில் போயிற்று. இந்த முன்னுரிமைச் சண்டையில் யார் பக்கம் நியாயம்? அலுவலகத்தில் தபாலை முதலில் வாங்கி முத்திரை குத்துகிறவர் ஒருவர், அது எந்தக் கோப்புக்குரியது என்று அறிந்து அங்கே சேர்ப்பவர் இன்னொருவர். இருவரும் வேண்டும். ஆனால் தப்பான கோப்பில் சேர்ந்த தபால் காணாமல் போன தபாலுக்குச் சமம். தொன்னே அதை உணவுக் கோப்பில் சேர்த்தார், ஆஸ்லர் கிருமிக் கோப்பில், அயெம் சிவப்பணுக் கோப்பில். வெளியே எடுத்த இரத்தத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் தட்டணுவின் உத்தியோகம் தெரியாது. அது வேலை செய்யும் இடத்துக்கே போய், அதற்கு ஒரு வேலையும் கொடுத்து, பொறுமையாகப் பார்த்தவருக்குத்தான் விளங்கிற்று.

அவருக்கும் ஒன்று நழுவியது. எலும்பு மச்சையில் பெரிய பெரிய அணுக்கள் இருப்பதை வருணித்தவர்களில் பிட்ஸொட்ஸெரோவும் ஒருவர். தம்முடைய தட்டுகளுக்கு அவையே தாய் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் 1901இல் காலமானார். 1906இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜேம்ஸ் ஹோமர் ரைட், தாமே உண்டாக்கிய சாயத்தை ஏற்றிப் பார்த்தார். அந்த ராட்சத அணுவின் உட்பகுதியும் தட்டணுவும் ஒரே மாதிரி ஊதாப் புள்ளிகளைக் காட்டின. ராட்சத அணு தன் கைகளை மச்சையின் இரத்தக் குழாய்க்குள் நீட்டுகிறது, அந்தக் கைகள் துண்டு துண்டாக உடைந்து தட்டணுக்களாகின்றன என்று கண்டு சொன்னார். ஆக, தட்டணு என்பது முழு அணு அல்ல, அணுவின் ஒரு துண்டு. அதற்கு உட்கரு கிடையாது. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். 1910இல் அதே பாஸ்டனில் வில்லியம் டியூக் என்ற மருத்துவர், தட்டணு குறைந்து இரத்தம் ஒழுகிய நோயாளிக்குப் புது இரத்தம் ஏற்றியதும் எண்ணிக்கை கூடி ஒழுக்கு நின்றதைக் காட்டினார். இன்று டெங்கு நோயாளிக்குத் தேவைப்படும்போது பிளேட்லெட் பை ஏற்றுகிறார்களே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இரத்தம் நிற்காதவர்கள் உண்டு. 1918இல் ஸ்விட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மான் அப்படிச் சில குழந்தைகளை வருணித்தார். தட்டணுக்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று சேர்வதில்லை. 1948இல் பாரிஸில் ழான் பெர்னார், ழான்-பியேர் சூலியே இருவரும் வேறொரு பரம்பரைக் குறையை எழுதினார்கள். அதில் தட்டணுக்கள் வழக்கத்தைவிட மிகப் பெரியவை, இரத்தப் போக்கோ மிகக் கடுமை. காரணம் என்னவென்று சாதாரண நுண்ணோக்கி சொல்லாது. ஒளியால் பார்க்கும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இரண்டு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. தட்டணுவின் உள்ளே இருக்கும் துகள்களோ ஏறக்குறைய அந்த அளவுதான்.

ஒளிக்குப் பதில் எலக்ட்ரானைக் கொண்டு பார்க்கும் நுண்ணோக்கியை 1930களில் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்கா உருவாக்கினார். அதற்கு நோபல் பரிசு 1986இல்தான் வந்தது. அவருடைய தம்பி ஹெல்முட் ஒரு மருத்துவர். அந்தக் கருவி வந்த வேகத்திலேயே, 1939இல், வொல்பர்ஸ் என்பவரோடு சேர்ந்து இரத்தம் உறைவதை அதில் பார்த்தார். பின்னால் வந்த ஆண்டுகளில் தட்டணுவின் உள்ளே துகள் மூட்டைகள் இருப்பது தெளிவாயிற்று. காயம் பட்ட இடத்தில் ஒட்டியதும் தட்டணு உருண்டு, முள் முள்ளாகக் கைகளை நீட்டி, மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டுகிறது. அதில் உள்ள பொருள்கள் மற்றத் தட்டணுக்களை "வாருங்கள்" என்று அழைக்கின்றன. அந்த அழைப்புப் பொருள்களில் ஒன்று ஏ.டி.பி. 1962இல் இங்கிலாந்தில் கஸ்டவ் பார்ன், ஏ.டி.பி. பட்டதும் தட்டணுக்கள் ஒன்றுகூடுவதைச் சோதனைக் குழாயில் ஒளியை ஊடுருவவிட்டு அளந்தார். இந்தக் கஸ்டவ், பெங்களூரில் சர் சி.வி. ராமனின் அழைப்பில் 1935-36இல் சில மாதங்கள் வேலை பார்த்த இயற்பியல் மேதை மாக்ஸ் பார்னின் மகன்.

கிளான்ஸ்மான் குழந்தைகளின் புதிரும், பெர்னார்–சூலியே புதிரும் 1970களின் நடுவில் பாரிஸிலேயே அவிழ்ந்தன. ஆலன் நர்டன், ழாக் கான் இருவரும் நோயாளிகளின் தட்டணு மேற்பரப்பில் இருக்கும் புரதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். தட்டணுவுக்கு இரண்டு விதமான கைகள் என்று எளிமையாகச் சொல்லலாம். ஒன்று சுவரைப் பிடிக்க, மற்றொன்று கூட்டாளியைப் பிடிக்க. பெர்னார்–சூலியே நோயாளிகளுக்கு முதல் கை இல்லை. கிளான்ஸ்மான் நோயாளிகளுக்கு இரண்டாவது கை இல்லை. 1882இல் பிட்ஸொட்ஸெரோ கண்ட இரண்டு காட்சிகள், அதாவது சுவரில் ஒட்டுவது, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுவது, இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்று அப்போதுதான் நிரூபணமாயிற்று. அந்தக் குழந்தைகளிடம் இல்லாத இரண்டாவது கையைத் தற்காலிகமாகக் கட்டிவைக்கும் ஊசி மருந்து 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையில் பயன்பட்டது.

இப்போது நம் மாத்திரைக்கு வருகிறேன். காயத்தை மூடும் அதே தட்டணுதான், இதயக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்த இடம் வெடித்தால் அதையும் காயம் என்று எண்ணி ஓடி வந்து மூடுகிறது. காவல்காரன் தன் வேலையைத்தான் செய்கிறான், வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்துவிடுகிறது. ஆஸ்பிரின், தட்டணு தன் அழைப்புப் பொருள்களில் ஒன்றைத் தயாரிக்க உதவும் என்சைமை முடக்கிவிடுகிறது. மற்ற அணுக்கள் என்றால் புது என்சைம் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லையே, எங்கிருந்து செய்யும்? ஆகவே அது உயிரோடிருக்கும் 7 முதல் 10 நாட்களும் முடங்கியேதான் இருக்கும். தினம் ஒரு சிறு மாத்திரை போதுமாக இருப்பதன் ரகசியம் இதுதான். உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 கோடித் தட்டணுக்களைப் புதிதாகச் செய்வதால், தினமும் போட வேண்டியும் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் கூடுதலாகப் போடும் குளோபிடோக்ரெல், பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அது ஏ.டி.பி.யின் அழைப்பு தட்டணுவின் காதில் விழாமல் செய்கிறது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தட்டணுவைத் தொடுவதில்லை, பழைய ஹ்யூசன் சொன்ன திரவப் பகுதியின் வழியில் வேலை செய்வது.

பல் பிடுங்கப் போகிறேன், கண்புரை அறுவை இருக்கிறது என்று நம்மவர்கள் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர் இப்படி நிறுத்தினால், சில நாட்களில் முடங்காத புதுத் தட்டணுக்கள் இரத்தத்தில் நிறைந்துவிடும். அவற்றுக்கு அந்த உலோக வலை ஒரு காயம்போலத்தான், ஒட்டிக்கொள்ளும். நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். கீரைத் தண்டு நறுக்கும்போது விரலில் கத்தி பட்டு, இரத்தம் நிற்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமானால், துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். 1882இல் தூரினில் ஒருவர் கினிப்பன்றியின் சவ்வில் கண்ட அதே காட்சி உங்கள் விரலுக்குள் நடந்துகொண்டிருக்கும், சற்று நிதானமாக.